கணக்கு ஆச்சி பதில்கள்: ஆறரைத் தேர்த்துகள்

கேள்வி: ஆச்சி, எங்கள் பங்காளிகள் வாட்ஸ்ஆப் குழுவில் தமிழ்ப் பின்னங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. முந்திரி, இம்மி, அணு என்று இறங்கிக்கொண்டே போய்த் தேர்த்துகளில் முடிகிறது. ஒன்றை 2323824530272200000000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் தேர்த்துகளாம். என் அயித்தை மகன், 'எவனோ விரல் போன போக்கில் தட்டிவிட்ட நம்பர்' என்று சிரிக்கிறான். இது ஒழுங்கான எண்தானா என்று எப்படிப் பார்ப்பது? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: உங்கள் அயித்தை மகன் சொன்னதில் கால்வாசி உண்மை. எண்ணை உண்டாக்கியவர் யோசித்துத்தான் உண்டாக்கியிருக்கிறார். ஆனால் உங்கள் குழுவுக்குத் தட்டியனுப்பியவர் ஓரிடத்தில் விரலை மாற்றி வைத்துவிட்டார். சைபர்களுக்கு முன்னால் 2722 என்று முடிகிறதல்லவா? அது 2272 என்று இருக்கவேண்டும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து எப்படிச் சொல்கிறேன் என்றால், கடைசி எட்டு சைபரையும் முதலில் ஓரமாக வைத்தேன். மீதி 14 இலக்கம். அதை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்றாக வெட்டவேண்டும். லட்சம், கோடி என்று நாம் கமா போடுகிற மாதிரி அல்ல, சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பும்போது ரசீதில் இருக்குமே, அந்த மாதிரி. பிறகு கடைசித் துண்டில் ஆரம்பித்து, ஒன்றைக் கழித்து, அடுத்ததைக் கூட்டி, மறுபடி கழித்து என்று இடப்பக்கம் போகவேண்டும்.

உங்கள் எண்: 23, 238, 245, 302, 722. கணக்கு: 722 − 302 + 245 − 238 + 23 = 450.

நான் சொல்லும் எண்: 23, 238, 245, 302, 272. கணக்கு: 272 − 302 + 245 − 238 + 23 = 0.

இப்படிச் செய்து சைபர் வந்தால் அந்த எண் 1001ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆயிரம் என்பது 1001க்கு ஒன்று குறைச்சல், அதனால்தான் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருகின்றன. 1001 என்பது 7 × 11 × 13. ஆக ஒரே வீச்சில் மூன்று பகா எண்களுக்குச் சோதனை முடிந்துவிடுகிறது. உங்கள் எண்ணில் வந்த 450ஐ ஏழும் வகுக்காது, பதினொன்றும் வகுக்காது, பதிமூன்றும் வகுக்காது.

சரி, தேர்த்துகள் ஏன் ஏழாலும் பதினொன்றாலும் வகுபடவேண்டும்? பட்டியலிலேயே விடை இருக்கிறது. மத்தியானம் பட்டாலையில் (கூடத்தில்) உட்கார்ந்து, ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்பீஸால் ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தியதால் வகுத்து எழுதினேன். (பேத்தி படம் எடுத்து வைத்திருக்கிறாள், தரையைத் துடைத்ததும் அவள்தான்.) முந்திரி 320 (அதாவது ஒன்றில் 320இல் ஒரு பங்கு). 320ஐ 320ஆல் பெருக்கினால் 102400, அது கீழ்முந்திரி. அதன் 21 மடங்கு 2150400, இம்மி. அதில் 11 மடங்கு மும்மி. அதில் 7 மடங்கு அணு. அப்புறம் குணத்துக்கு 9, பந்தத்துக்கு 5, பாகத்துக்கு 6, விந்தத்துக்கு 7, நாகவிந்தத்துக்கு 17, சிந்தைக்கு 14, கதிர்முனைக்கு 20, குரல்வளைப்படிக்கு 40, வெள்ளத்துக்கு 60, நுண்மணலுக்கு 100. எந்தப் படியிலும் மீதி விழவில்லை. விரல் போன போக்கில் தட்டினால் இப்படி அமையாது. இம்மியில் வந்த ஏழும் மும்மியில் வந்த பதினொன்றும் அதற்குக் கீழுள்ள எல்லா எண்ணுக்குள்ளும் உட்கார்ந்திருக்கவேண்டும். உங்கள் எண்ணில் அவை இல்லை.

நுண்மணல் 357511466188800000000. சரியான தேர்த்துகளை இதனால் வகுத்தால் கச்சிதமாக 6.5 வருகிறது. உங்கள் எண்ணை வகுத்தால் 6.5க்குப் பிறகு எட்டு சைபர் தாண்டி 126 என்று ஒரு வால் முளைக்கிறது. செல்போன் கால்குலேட்டரில் அந்த வால் தெரியாமலே போய்விடலாம்.

450 என்று வித்தியாசம் வந்ததைப் பார்த்ததும் எனக்கு அப்பச்சி (என் அப்பா) ஞாபகம்தான் வந்தது. சின்ன வயதிலேயே பர்மாவின் மோல்மேனில் ஒரு பெட்டியடியில் (வட்டிக்கடையில்) வேலைக்குச் சேர்ந்து அடுத்தாளாக உயர்ந்தவர். ஐந்தொகை உதைத்தால், அதாவது வரவும் பற்றும் ஒத்துவராவிட்டால், எல்லோரும் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார்களாம். அப்பச்சி புரட்டமாட்டார். உதைக்கிற தொகையை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் போனால், 'எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறிப் படுத்திருக்கு, அதைத் தேடு' என்பார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகத்தான் வரும். இங்கேயும் அதேதான். ஏழும் இரண்டும் மாறின, வித்தியாசம் 5, அதை 90ஆல் பெருக்கினால் 450. இதே காரணத்தால்தான், இலக்கங்களைக் கூட்டி ஒன்பதா என்று பார்க்கும் பள்ளிக்கூடச் சோதனை இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு எண்ணுக்கும் கூட்டுத்தொகை 45.

எனக்கு நெருடுவது வேறு ஓரிடம். எல்லாப் படியும் முழு எண்ணாக இருக்க, கடைசிப் படி மட்டும் ஏன் ஆறரை? ஆறரைத் தேர்த்துகள் சேர்ந்தால் ஒரு நுண்மணல் என்றால், அளவுகளிலேயே சிறியதை மறுபடி பாதியாக உடைத்தாகவேண்டும். கணக்கெழுதுகிறவர் யாரும் விரும்பிச் செய்கிற காரியமா இது? மூலத்தில் 65 என்று இருந்து, நகலெடுத்தவர் கையில் ஒரு சைபர் உதிர்ந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். உதிர்ந்த சைபரை 1001 சோதனை பிடிக்காது, சைபரைத்தான் முதலிலேயே ஓரங்கட்டிவிட்டோமே! யார் வீட்டு மேல்மாடியிலாவது, பழைய தகரப்பெட்டியில், எண்சுவடி ஏதும் கிடந்தால் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: இந்தத் தேர்த்துகள் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்கமுடியுமா? அதற்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கோட்டையூர்)

பதில்: பிரிக்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கிறது. மேலே சொன்ன படிகளில் உள்ள 21, 11, 7, 9 எல்லாவற்றையும் உடைத்து ஒன்றுசேர்த்தால் போதும்.

2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17

22 இலக்க எண்ணுக்குள் பகா எண்கள் ஏழே வகை, அதிலும் பெரியது 17. எண்ணைப் பார்த்தவுடன் மலைத்துப்போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நீளம் ஒரு பொருட்டே அல்ல. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி உண்டாக்கிய எண்ணாக இருந்தால் அதைப் பிரிப்பது பெரும் பாடு. பாங்குக்காரர்கள் பூட்டுக்கு வைத்திருக்கும் 617 இலக்க எண்கள் அந்த ரகம். தேர்த்துகள் அப்படியல்ல, படிப்படியாகக் கையால் கட்டியது. கட்டிய கல்லெல்லாம் வெளியே தெரிகிறது.

வகுத்திகளை எண்ணுவதற்குப் பந்தியில் உட்கார்ந்துவிடுவது நல்லது. கல்யாண வீட்டில் ஏழு பலகாரம் வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். வெள்ளைப் பணியாரம் 22, கந்தரப்பம் 5, சீயம் 8, மனகோலம் 4, இன்னும் மூன்று வகையில் ஒவ்வொன்று. எந்தப் பலகாரத்திலும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். பணியாரத்தில் சைபரிலிருந்து 22 வரை, ஆக 23 விதம். கந்தரப்பத்தில் 6 விதம், சீயத்தில் 9, மனகோலத்தில் 5, மற்ற மூன்றிலும் எடுத்தாய் விட்டாய் என்று இரண்டிரண்டு. 23 × 6 × 9 × 5 × 2 × 2 × 2 = 49680. இலையில் விழக்கூடிய வித்தியாசமான தட்டுகள் அத்தனை, வகுத்திகளும் அத்தனை. எதையுமே தொடாமல் எழுந்துபோகிறவர்தான் 1 என்ற வகுத்தி. அவரையும் எண்ணிக்கொள்ளவேண்டும். எல்லாவற்றையும் வழித்தெடுத்துப் போகிறவர் அந்த எண்ணேதான். பணியாரத்தைத் தொடாதவர்கள் 2160 பேர், அவர்கள்தான் ஒற்றைப்படை வகுத்திகள்.

1 முதல் 18 வரை எல்லா எண்களும் இதை வகுக்கும். 19இல் நின்றுபோகும்.

கேள்வி: இராமானுஜன் ஆராய்ந்த, தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களில் தேர்த்துகளும் ஒன்றா? 49680 என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று விடுதியில் பந்தயம் கட்டியிருக்கிறோம். (கணித முதுகலை மாணவி, காரைக்குடி)

பதில்: 'ஆம்' பக்கம் பணம் வைத்திருந்தால் போயிற்று. மேலே உள்ள அடுக்குகளை ஒருமுறை பாருங்கள், 3க்கு ஐந்து, 5க்கு எட்டு. பெரிய பகா எண்ணுக்கு அதிக அடுக்கு இருக்கிறது. இவ்விரண்டையும் இடம் மாற்றி 3⁸ × 5⁵ என்று எழுதிப் பாருங்கள். பந்தி மாறவில்லை, வகுத்திகள் அதே 49680. ஆனால் எண் முன்னிருந்ததில் 125க்கு 27 பங்காகச் சுருங்கிவிட்டது. அவ்வளவு சின்ன எண்ணே அதே வேலையைச் செய்யும்போது தேர்த்துகளுக்கு எப்படிப் பரிசு கொடுப்பது? இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இந்த வகை எண்களின் உள்ளமைப்பைக் காட்டினார். 2இன் அடுக்கில் ஆரம்பித்து, பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக அடுக்கு ஏறவே கூடாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1ஆகத்தான் இருக்கும், 4உம் 36உம் மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு அடியும் கொடுக்கலாம். தேர்த்துகளிலிருந்து ஐந்து 2களை உருவிவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு 19ஐச் செருகுங்கள். 32ஆல் வகுத்து 19ஆல் பெருக்கியிருக்கிறோம், ஆகவே எண் சிறியதாகிவிட்டது. வகுத்திகளோ 18 × 2160 × 2, அதாவது 77760. எண் குறைந்தும் வகுத்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. தேர்த்துகளைக் கட்டியவர் 2இலும் 5இலும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார். பத்தும் இருபதும் நூறுமாகப் பெருக்கியதால் வந்த வினை அது. வகுத்தி அதிகம் வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்திருக்காது.

நகலெடுக்கும் தப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமே. இராமானுஜன் அந்தக் கட்டுரையில் கொடுத்த பட்டியல் 6746328388800 வரை போகிறது. அதற்கு 10080 வகுத்திகள். கையால் போட்ட அந்தப் பட்டியலில் 293318625600 என்ற ஓர் எண் விட்டுப்போயிற்று. விட்டுப்போனதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வருகிறது! நேரம் இருந்தால் பெருக்கிப் பாருங்கள். தலைக்கு மேல் நிற்பதைத் தேடி எடுத்தவருக்குக் காலடியில் கிடந்தது கண்ணில் படவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து, பிள்ளைகள் நகலெடுப்பதில் செய்யும் தப்புக்கு மதிப்பெண் குறைப்பதை விட்டுவிட்டேன்.

நம் ஊர் சம்பந்தமும் உண்டு. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முதல் இயக்குநர் தி. விஜயராகவன். இராமானுஜனோடு வேலை செய்த ஹார்டியிடம் ஆக்ஸ்போர்டில் பயின்றவர், எண்கணிதத்தில் ஒரு வகை எண்களுக்கே இவர் பெயர் இருக்கிறது. காரைக்குடிக்காரர்கள் அழகப்பரைக் கல்லூரிக்காகவும் மின் வேதியியல் ஆய்வகத்துக்காகவும் சொல்வார்கள், இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் வளவு வீட்டை ஓடு மாற்றவேண்டும். 2,10,000 ரூபாய் ஆகும் என்கிறார் கொத்தனார். ஆதியில் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவர் வழியில் இன்று ஒரு புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) 84இல் ஒரு பங்கு, நடுவர் வழியில் 60இல் ஒரு பங்கு. இளையவருக்குப் பிள்ளை கூட்டி (தத்தெடுத்து), அந்த வழியில் ஒரே புள்ளிதான், மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. ஆளுக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்குள் வருஷாவருஷம் சண்டை வருகிறது. (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் ஆச்சி இரண்டு முறை படித்தேன். எங்கள் வீட்டிலும் இதே கதை. முகப்பு ஒழுகினால் எல்லோருக்கும் மனசு ஒழுகும், பணம் மட்டும் ஒழுகாது.

84, 60, 3 ஆகிய மூன்றும் வகுக்கும் மிகச் சிறிய எண்ணை எடுங்கள். 84 என்பது 4 × 3 × 7, 60 என்பது 4 × 3 × 5. இரண்டுக்கும் பொதுவாக 4 × 3 × 5 × 7 போதும், அதாவது 420. வீட்டை 420 கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் வழிப் புள்ளிக்கு 5 கூறு, நடுவர் வழிப் புள்ளிக்கு 7 கூறு, பிள்ளை கூட்டியவருக்கு 140 கூறு. செலவைக் கூறுக்கு 500 ரூபாய் என்று போட்டால், முறையே 2500, 3500, 70000. மூத்தவர் வழியில் 28 புள்ளி, நடுவர் வழியில் 20 புள்ளி இருந்தால் கணக்கு நேராகிவிடும். கூறுகளைக் கூட்டி 420 வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் மலேசியாவில் யாரோ ஒரு பங்காளியை விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தக் கூறுக் கணக்கை ஓர் அட்டையில் எழுதிப் பட்டாலைச் சுவரில் மாட்டிவிடுங்கள், அடுத்த வருஷம் செலவு மாறினாலும் கூறு மாறாது.

இதில் பழங்கணக்கு எங்கே வருகிறது என்று சொல்கிறேன். நம் பாட்டனார்கள் பங்கைக் காணி, முந்திரியில்தான் எழுதினார்கள். காணி 80இல் ஒன்று, அதில் கால் முந்திரி, 320இல் ஒன்று. 320இல் இரண்டும் ஐந்தும் மட்டும்தான் இருக்கின்றன, மூன்று இல்லை. மூன்று அண்ணன் தம்பிக்கு ஒரு வீட்டைப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி போட்டதுபோக இரண்டு முந்திரி, அதாவது ஓர் அரைக்காணி, நடுவில் நிற்கும். உங்கள் 84இல் ஒரு பங்கு காணிக்குக் கொஞ்சம் குறைச்சல், 60இல் ஒரு பங்கு காணியும் முந்திரியும் சேர்ந்ததற்குக் கொஞ்சம் கூடுதல். அந்தக் 'கொஞ்ச'த்தில்தான் சண்டை. கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் தீராது. 102400ஐ மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி, ஏழால் வகுத்தால் நாலு மீதி.

இம்மிக்கு ஒரு படி இறங்குங்கள். அங்கே 21ஆல் பெருக்கியிருக்கிறார்கள், மூன்றும் ஏழும் ஒன்றாக உள்ளே வந்துவிடுகின்றன. வீடு 2150400 இம்மி என்றால் மூத்தவர் வழிப் புள்ளிக்கு 25600 இம்மி, நடுவர் வழிப் புள்ளிக்கு 35840 இம்மி, பிள்ளை கூட்டியவருக்கு 716800 இம்மி. ஓர் இம்மியும் பிசகவில்லை. 21 என்ற விநோதமான எண் ஏன் வந்தது என்று மேலே தேவகோட்டைக்காரர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இதைத்தான் காட்டியிருப்பேன். மூன்று பேரும் ஏழு பேரும் பங்குக்கு வந்து நின்ற ஏதோ ஒரு நாளில்தான் யாருக்கோ அந்த 21 தோன்றியிருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஊகம். பதினொரு பங்காளிகள் என்றால் இன்னும் ஒரு படி இறங்கி மும்மிக்குப் போகவேண்டும். ஒன்பது பேர் என்றால் குணம் வரை. பத்தொன்பது பேர் இருக்கிற வீட்டுக்குத் தேர்த்துகள் வரை இறங்கினாலும் தீராது ஆச்சி, அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் பணத்தைப் பிரிப்பதே மேல்.

கேள்வி: அணுவையும் அதைவிடச் சின்னதையும் பெயர் வைத்து அளந்திருக்கிறார்கள் என்றால், நானோ தொழில்நுட்பம் அன்றே இருந்தது என்றுதானே பொருள்? (ஒரு வாசகர், திருப்பத்தூர்)

பதில்: பெயர் வைத்திருக்கிறார்கள், அது பெரிய காரியம்தான். அளந்திருக்கிறார்கள் என்பதை இந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஒன்றில் இத்தனையில் ஒரு பங்கு என்றால், எந்த ஒன்று? ஒரு கலம் நெல்லா, ஒரு பணவெடைப் பொன்னா? ஒரு மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் பட்டியலின் அணு ஆறு நானோமீட்டர் வருகிறது. ஹைட்ரஜன் அணு அதில் அறுபதில் ஒரு பங்குதான் இருக்கும். தேர்த்துகளோ புரோட்டானைவிடச் சுமார் 40 லட்சம் மடங்கு சின்னது, அதை எந்தக் கருவியால் பிடிப்பது? முடிவில்லாமல் வகுத்துக்கொண்டே போகலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, எனக்கு அது போதும்.

கேள்வி: தேர்த்துகளை 1729 வகுக்குமா? (பெயர் வேண்டாம், குன்றக்குடி)

பதில்: 1729 பற்றிய கடிதங்களுக்குப் பதில் எழுதுவதில்லை என்று போன வருஷமே சொல்லியிருந்தேன். வகுக்காது. 7 × 13 × 19இல் கடைசி ஆள் உள்ளே இல்லை.

கேள்வி: ஆச்சி, நான் எட்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் எக்செல்லில் தேர்த்துகள் எண்ணைப் போட்டு 1 கூட்டினேன். எண் மாறவே இல்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதா? 1 கூட்டினால் அது பகா எண் ஆகுமா? (ஒரு மாணவன், பள்ளத்தூர்)

பதில்: தம்பி, கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்செல் ஓர் எண்ணில் முதல் 15 இலக்கத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். தேர்த்துகளில் கடைசி சைபர்களைத் தவிர 14 இலக்கம்தான் இருப்பதால் தப்பித்தது. நீ கூட்டிய 1 இருபத்திரண்டாவது இடத்தில் போய் உட்காரவேண்டும், அது எக்செல்லின் கண்ணுக்கே எட்டாது. ஆகவே இந்த வேலையைத் தாளில்தான் செய்யவேண்டும்.

1 கூட்டிய எண்ணை 2 வகுக்காது, 3 வகுக்காது, 18 வரை ஒன்றுமே வகுக்காது, எல்லாவற்றுக்கும் 1 மீதி நிற்கும். இப்படி ஒன்று கூட்டிப் பார்ப்பது யூக்ளிட் காலத்து யோசனை, 2300 வருஷப் பழசு. அதனால் அது பகா எண் என்று ஆகிவிடாது. அதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால் அது 19 அல்லது அதற்கு மேல், அவ்வளவுதான் தெரியும். எனவே 19இலிருந்து சோதிக்கவேண்டும்.

22 இலக்கத்தை முழுசாக வகுக்காதே, கை வலிக்கும். 1000ஐ 19ஆல் வகுத்தால் 12 மீதி. அதை மட்டும் வைத்துக்கொண்டு மும்மூன்றாக வா. 23இல் மீதி 4. 4 × 12 + 238 = 286, மீதி 1. 1 × 12 + 245 = 257, மீதி 10. 10 × 12 + 302 = 422, மீதி 4. 4 × 12 + 272 = 320, மீதி 16. (320 வந்ததைக் கவனித்தாயா? முந்திரி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.) இனி எட்டு சைபர். ஒன்றுக்குப் பின் எட்டு சைபர் போட்ட எண்ணை 19ஆல் வகுத்தால் 17 மீதி. 16 × 17 = 272, மீதி 6. நீ கூட்டிய 1ஐச் சேர்த்தால் 7. ஆகவே 19 வகுக்காது.

23க்கும் இதே மாதிரி செய், அங்கேயும் 7தான் மிஞ்சும். 29க்கு 16. உனக்கு அப்படி வரவில்லை என்றால் 1000ஐ வகுத்த இடத்தில் முதலில் பார். 31இலிருந்து நீயே போட்டு எனக்கு எழுது.